வரக்கூடாது என்றால், இங்கேயே இருக்கட்டும் என்றா?

2025 மார்ச் 24ஆம் திகதி பிரித்தானியா நான்கு இலங்கையர் மீது பயணத் தடையும் சொத்து முடக்கமும் அறிவித்தது. முன்னாள் இராணுவத் தளபதிகளான சவேந்திர சில்வா, ஜகத் ஜயசூரிய, முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட, கடைசியாக, புலிகளின் கிழக்குத் தளபதியாக இருந்து பிரிந்துபோன கருணா அம்மான் என்ற விநாயகமூர்த்தி முரளிதரன். முதல் மூன்று பெயர்களும் எதிர்பார்த்தவைதான். நான்காவதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மனிதர் ஏற்கெனவே லண்டனுக்குப் போயிருந்தவர். போய், பிடிபட்டு, உள்ளேயும் இருந்தவர். 2007 நவம்பரில் வேறொரு பெயரில் எடுத்த இராஜதந்திரக் கடவுச்சீட்டோடு அவரை லண்டனில் கைது செய்தார்கள். அடுத்த ஜனவரியில் போலி அடையாள ஆவணம் வைத்திருந்த குற்றத்துக்காக ஒன்பது மாதச் சிறை. இவர்மீது சிறுவர்களைப் படையில் சேர்த்தது, ஆட்களைக் கடத்தியது, சித்திரவதை எல்லாம் சொல்லப்படுகிறதே, கையில் கிடைத்திருக்கிறார், இங்கேயே விசாரியுங்கள் என்று மன்னிப்புச் சபையும் மனித உரிமைகள் கண்காணிப்பகமும் கெஞ்சாக் குறையாகக் கேட்டன. சான்று போதாது என்று வழக்குத்தொடுநர்கள் கைவிரித்தார்கள். 2008 ஜூலையில் ஆளை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ஒக்ரோபரில் அவர் கொழும்பில் பாராளுமன்ற உறுப்பினர், மறு மார்ச்சில் அமைச்சர்.

பதினேழு வருடம் கழித்து அதே நாடு அவருக்குச் சொல்லும் செய்தி: நீங்கள் இங்கே வரக்கூடாது.

பிரித்தானியாவுக்கு இப்படியான வழக்கை நடத்தத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஆப்கானிஸ்தானில் சோதனைச்சாவடி வைத்து ஆட்களைச் சித்திரவதை செய்த ஃபர்யாதி சர்தாத் என்ற ஆயுதக்குழுத் தலைவரை, லண்டனில் குடியிருந்த இடத்திலிருந்து பிடித்து, ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தி, 2005இல் 20 வருடச் சிறைக்கு அனுப்பிய நாடு அது. 1998இல் வைத்தியத்துக்கு வந்த சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசேயைக் கட்டிலில் வைத்தே கைது செய்ததும் அங்கேதான். பினோசேக்கு அன்றைக்கு விசா மறுத்திருந்தால் அந்தக் கைதே நடந்திருக்காது.

கொழும்பில் இருந்துகொண்டு இந்தத் தடைப் பட்டியல்களை வாசிக்கிற எனக்கு ஒவ்வொரு முறையும் இடிக்கிற இடம் இதுதான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற நண்பர்கள் பட்டியல் வந்த அன்று கொண்டாட்டமாகத் தகவல் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு அது ‘இவன் எங்கட பக்கம் வரமாட்டான்’ என்ற செய்தி. எனக்கு அது, இவர் இனி எப்போதும் இங்கேதான் இருப்பார் என்ற செய்தி. கொள்ளுப்பிட்டியில் சிவப்பு விளக்கு விழுந்தால் பக்கத்தில் நிற்கிற வாகனத்தில் இருப்பவர் அவராக இருக்கலாம். எந்த வெளிநாட்டு நீதிமன்றத்தின் கைக்கும் எட்டாத இடம் எதுவோ, அங்கேயே அவரை இருக்கச் சொல்வதைத் தண்டனை என்று நாங்கள் கைதட்டுகிறோம்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊடகங்களில் எல்லாம் ‘தடை’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். உள்ளே வேறுபாடு நிறைய.

அமெரிக்கா இலங்கையர் மீது பெரும்பாலும் பயன்படுத்துவது, அதன் இராஜாங்கத் திணைக்களத்துக்கு வருடாவருடம் பணம் ஒதுக்கும் சட்டத்தில் இருக்கும் 7031(சி) என்ற பிரிவு. ஒரு வெளிநாட்டு அதிகாரி பாரிய மனித உரிமை மீறலிலோ பெரும் ஊழலிலோ ஈடுபட்டதாக ‘நம்பகமான தகவல்’ இருந்தால் போதும். இராஜாங்கச் செயலாளர் அவரையும் அவருடைய நெருங்கிய குடும்பத்தினரையும் நாட்டுக்குள் வரத் தகுதியற்றவர்கள் என்று குறிக்கலாம். தீர்ப்பு வேண்டாம், வழக்குக்கூட வேண்டாம். பகிரங்கமாகவும் செய்யலாம், சத்தமில்லாமலும் செய்யலாம். சொத்து முடக்கம் இதில் கிடையாது. அதற்கு மாக்னிட்ஸ்கி சட்டம் தனியாக இருக்கிறது. 2009 நவம்பரில் மொஸ்கோ சிறையொன்றில் இறந்துபோன வரி ஆலோசகர் சேர்ஜி மாக்னிட்ஸ்கியின் பெயரில் 2012இல் ரஷ்யர்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 2016இல் உலகம் முழுவதற்கும் விரிந்தது. பிரித்தானியாவின் ஒழுங்குவிதிகள் 2020 ஜூலையில் வந்தன. கனடா விசேட பொருளாதார நடவடிக்கைச் சட்டத்தின் கீழ் 2023 ஜனவரி 10ஆம் திகதி நால்வரைப் பட்டியலிட்டது: மஹிந்த ராஜபக்ஷ, கோட்டாபய ராஜபக்ஷ, சுனில் ரத்நாயக்க, சந்தன ஹெட்டியாராச்சி. இரண்டு முன்னாள் ஜனாதிபதிகள், ஒரு இராணுவச் சார்ஜன்ட், ஒரு கடற்படை அதிகாரி. வினோதமான வரிசை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தடை விழுந்த பிறகு இங்கே என்ன நடக்கும் என்பதை சவேந்திர சில்வா விடயத்தில் கொழும்பு முழுவதும் கண்ணால் பார்த்தது. 2020 பெப்ரவரி 14 அன்று, யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் அவர் தலைமை தாங்கிய 58ஆவது படைப்பிரிவு செய்ததாகக் கூறப்படும் சட்டத்துக்குப் புறம்பான கொலைகளுக்காக என்று, அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக இருந்த மைக் பொம்பியோ அவருடைய பெயரை அறிவித்தார். அவர் அப்போது பதவியில் இருந்த இராணுவத் தளபதி. குற்றச்சாட்டுகளை அவரும் அரசாங்கமும் மறுத்தார்கள். அமெரிக்கத் தூதுவரை வெளிவிவகார அமைச்சர் கூப்பிட்டு ஆட்சேபம் தெரிவித்தார். அடுத்த மாதம் கொரோனா வந்தது. கொவிட் தடுப்புத் தேசிய செயற்பாட்டு நிலையத்தின் தலைவராக நியமிக்கப்பட்டவரும் அவரே. ஊரடங்கு எப்போது தளரும், எந்த வட்டாரம் மூடப்படும், எந்தத் தொடர்மாடி முடக்கப்படும் என்பதெல்லாம் அவருடைய வாயிலிருந்து வந்தன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள், நாளைக்குப் பாண் வாங்க வெளியே போகலாமா என்பதை அறிய அவருடைய பேட்டிக்காகத் தொலைக்காட்சி முன் காத்திருந்தன. நானும் காத்திருந்தேன். அந்த வருட முடிவில் அவர் ஜெனரல் ஆனார், 2022 ஜூனில் பாதுகாப்புப் படைகளின் பிரதானி ஆனார்.

பகிரங்கத் தடை இங்கே பதக்கமாகத்தான் குத்தப்படுகிறது. தென்னிலங்கை மேடையில் ‘எங்கள் வீரரை வெள்ளைக்காரன் அவமதித்துவிட்டான்’ என்று சொல்ல ஒரு வாய்ப்பு. சத்தமில்லாமல் மறுக்கப்படும் விசாவை எந்த மேடையிலும் காட்ட முடியாது. 2017இல் மேஜர் ஜெனரல் சாகி கால்லகேக்கு அவுஸ்திரேலியா விசா மறுத்த செய்தி வெளியே வந்தது; அப்படி வெளியே வராதவைதான் அதிகாரிகளின் மனைவிமாரை இரவில் தூங்கவிடாதவை என்பது என் அனுமானம். மகளுடைய பட்டமளிப்புக்கு ஏன் போகவில்லை என்று சொந்தக்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஐ.நா. அமைதிப்படையும் அப்படித்தான். 2019இல் சில்வா இராணுவத் தளபதியானதும், மிக அவசியமான இடங்கள் தவிர, இலங்கை இராணுவத்திலிருந்து புதிதாக ஆள் எடுப்பதில்லை என்று ஐ.நா. நிறுத்தியது. சாதாரணச் சிப்பாய்க்கு அமைதிப்படைப் பயணம் என்பது வீடு கட்டும் காசு. அந்த இடத்தில் பிடித்தபோது அரசாங்கத்துக்கு வலித்தது.

இதே சில்வா 2010 முதல் சில வருடம் நியூயோர்க்கில் ஐ.நா.வுக்கான இலங்கையின் பிரதி நிரந்தரப் பிரதிநிதியாக மன்ஹாட்டனில் குடியிருந்தவர். உறவுகளை இழந்த தமிழர்கள் அவர்மீது அங்கே சிவில் வழக்குப் போட்டார்கள். இராஜதந்திர விலக்குரிமை இருக்கிறது என்று 2012இல் வழக்குத் தள்ளுபடியானது. கோட்டாபய ராஜபக்ஷ 2019 வரை அமெரிக்கப் பிரஜை. அந்த வருட ஏப்ரலில் கலிபோர்னியாவின் பசடேனாவில் ஒரு கடையின் வாகனத் தரிப்பிடத்தில் வைத்து, கொல்லப்பட்ட பத்திரிகையாசிரியர் லசந்த விக்ரமதுங்கவின் மகள் தொடுத்த வழக்கின் அழைப்பாணையை அவர் கையில் கொடுத்தார்கள். அதுவும் விலக்குரிமையில் அடிபட்டுப் போனது. ஆட்கள் அங்கே இருந்தபோது சட்டத்தால் தொட முடியவில்லை. இங்கே வந்து சேர்ந்த பிறகு அங்கிருந்து கதவைச் சாத்துகிறார்கள். கனடாவும் கோட்டாபயவைப் பட்டியலிட்டது அவர் பதவியிழந்து, மாலைதீவு, சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஓடித் திரும்பிய பிறகு.

ஜகத் ஜயசூரியவின் கதை இன்னும் கிட்ட வந்தது. அவர் பிரேசிலில் தூதுவராக இருந்தார். கொலம்பியா, சிலி உள்ளிட்ட அயல்நாடுகளுக்கும் அவரே பொறுப்பு. வவுனியா ஜோசப் இராணுவ முகாமில் நடந்ததாகச் சொல்லப்படும் சித்திரவதைகளை முன்வைத்து 2017 ஓகஸ்டில் பிரேசிலிலும் கொலம்பியாவிலும் முறைப்பாடுகள் பதிவாகின. முறைப்பாடு போகும் நேரத்தில் அவர் கொழும்புக்கு விமானம் ஏறிவிட்டார். பதவிக்காலம் முடிந்ததால் வந்தேன் என்றார், குற்றச்சாட்டை மறுத்தார். அந்த வழக்குப் போட்டவர்கள் அவர் பயணம் செய்ய வேண்டும் என்று விரும்பியவர்கள். பயணம் செய்கிற ஆளைத்தான் பிடிக்கலாம். பிரித்தானியத் தடை அவர்களுக்கு உதவியா உபத்திரவமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி அந்த வினோத வரிசை. கனடா இரண்டு ஜனாதிபதிகளோடு சேர்த்த சார்ஜன்டும் கடற்படை அதிகாரியும் அமெரிக்காவின் 2021 டிசம்பர் பட்டியலிலும் இருந்தவர்கள். சுனில் ரத்நாயக்க, 2000 டிசம்பரில் மிருசுவிலில் தங்கள் வீடுவளவைப் பார்க்கப் போன எட்டுத் தமிழர்களைக் கொன்றவர் என்று தீர்ப்பு வழங்கப்பட்டவர். 5 வயதுக் குழந்தையும் அந்த எட்டில் அடக்கம். 2015 ஜூனில் கொழும்பு மேல் நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது, 2019இல் உயர் நீதிமன்றம் ஐந்து நீதியரசர்களோடு அதை உறுதி செய்தது. தமிழர்களைக் கொன்றதற்காகப் படையினர் ஒருவர் கடைசிப் படிவரை தண்டிக்கப்பட்டது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள். அதில் இது ஒன்று. 2020 மார்ச்சில், ஊரடங்குக்குள் நாடு கிடக்க, கோட்டாபய அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார்.

அந்தச் சார்ஜன்டுக்கு அமெரிக்க விசா மறுத்தால் என்ன, மறுக்காவிட்டால் என்ன? அவர் எந்தக் காலத்தில் நயாகரா பார்க்கத் திட்டம் போட்டிருப்பார்? அந்த அறிவிப்பு அவருக்கு எழுதப்பட்டதே இல்லை. மன்னித்தவருக்கு எழுதப்பட்டது. உங்கள் நீதிமன்றம் இரண்டு தடவை சொன்னதை நீங்கள் ஒரு கையெழுத்தில் அழித்தீர்கள், நாங்கள் அதை அழிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை என்ற அர்த்தத்தில். இந்த ஒன்றை மட்டும் நான் முழு மனதோடு வரவேற்றேன். இங்கே தீர்ப்பு இருந்தது, சான்று இருந்தது. தடை அந்தத் தீர்ப்பின் பின்னால் போய் நின்றது.

கடற்படை அதிகாரி ஹெட்டியாராச்சியின் பெயரோடு வருவது கொழும்புக்காரருக்கு இன்னும் நெருக்கமான கதை. ‘திருகோணமலை 11’ என்று வெளிநாட்டு ஆவணங்களில் எழுதப்படுவதால் பலர் அதைக் கிழக்கில் நடந்ததாக நினைக்கிறார்கள். பிள்ளைகள் காணாமல் ஆக்கப்பட்டது கொழும்பிலும் அதை அண்டியும். 2008 செப்ரெம்பர் 17 இரவு தெஹிவளையில் ஒரு காரோடு ஐந்து இளைஞர்கள் காணாமல் போனார்கள். 2008க்கும் 2009க்கும் இடையில் மொத்தம் 11 பேர். தமிழர் மட்டுமல்ல, முஸ்லிம் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். புலிகளோடு அவர்களுக்கு எந்தத் தொடர்பும் காட்டப்படவில்லை. கப்பத்துக்காகக் கடத்தினார்கள் என்பதே பொலிஸார் கண்டது. கோட்டையில் கடற்படைத் தலைமையக வளாகத்துக்குள் ‘பிட்டு பம்புவ’ என்று சொல்லப்பட்ட இடத்தில் வைத்திருந்து, பிறகு திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் ‘கன்சைட்’ என்ற நிலத்தடிக் கூண்டுகளுக்குக் கொண்டுபோனார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. 2015 நவம்பரில் ஐ.நா.வின் காணாமல் ஆக்கப்பட்டோர் செயற்குழு அந்தக் கூண்டுகளை நேரில் போய்ப் பார்த்தது. கோட்டையில் வேலை செய்த காலத்தில் அந்தத் தலைமையகத்து மதிலோரமாக மத்தியானச் சாப்பாட்டுக்கு நடந்து போயிருக்கிறேன். காவலாளிக்கு அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, நல்லபடியாகப் போய் வந்திருக்கிறேன்.

இந்த வழக்கு தொடங்கிய விதம் எந்தக் கதாசிரியருக்கும் தோன்றாதது. 2009 மே மாதம், யுத்தம் முடிந்த கையோடு, கடற்படைத் தளபதி கரன்னாகொட தன்னுடைய சொந்தப் பாதுகாப்பு அதிகாரி மீது தானே பொலிஸில் முறைப்பாடு செய்தார். அந்த அதிகாரியின் அறையில் கிடந்த அடையாள அட்டைகள், காணாமல் போன பிள்ளைகளுடையவை. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வருடக்கணக்காக இழுத்தது. 2019இல் சட்டமா அதிபர் போட்ட குற்றப்பத்திரத்தில் 667 குற்றச்சாட்டுகள். பதினான்காவது எதிரி, முறைப்பாடு செய்த கரன்னாகொடவேதான். அவர் குற்றத்தை மறுத்தார். ஆட்சி மாறியது. விசாரித்த பொலிஸ் அதிகாரி நிஷாந்த சில்வா அந்த நவம்பரில் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். 2021 ஒக்ரோபரில், கரன்னாகொட மீதான வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்குச் சொன்னார். இரண்டு மாதத்தில் அவர் வடமேல் மாகாண ஆளுநர். 2023 ஏப்ரல் 26ஆம் திகதி அமெரிக்கா அவரையும் அவருடைய மனைவியையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. மே மாதம் வேறு இரண்டு ஆளுநர்களோடு சேர்த்து அவரும் மாற்றப்பட்டார். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு மனமில்லை, ஆளுநர்களை மாற்ற அப்போதைய ஜனாதிபதி ரணிலுக்கு வேறு காரணங்கள் எப்போதும் உண்டு.

விசாரித்தவன் வெளிநாட்டில், எதிரி உள்நாட்டில். விசா என்ற ஒன்றின் தலைகீழ் வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நான் கணக்காளன். ஆனால் ஆங்கிலம் எழுதத் தெரிந்த குற்றத்துக்காக எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் பாதிப் பேருடைய விசாப் படிவம் என் மேசைக்குத்தான் வரும். பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது, மகளுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும், கொழுக்கட்டை அவிக்க வேண்டும். அதற்கெல்லாம் 160ஆம் இலக்கப் படிவம். அமெரிக்கப் படிவத்தின் கடைசிப் பக்கங்களில் பாதுகாப்புக் கேள்விகள் வரும். சும்மா தாண்டிப் போக முடியாது, ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டுத்தான் நான் குறிப்பேன். மேல்மாடி அன்ரி ஒருவருக்கு அப்படி வாசித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

“அன்ரி, நீங்கள் எப்பவாவது இனப்படுகொலையில பங்குபற்றினீங்களோ?”

“என்ன தம்பி கேக்கிறீர்?”

“படிவத்தில இருக்கு. சித்திரவதை செய்தனீங்களோ? சட்டத்துக்குப் புறம்பான கொலை? சிறுவர்களைப் படைக்குச் சேர்த்தது?”

அன்ரி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா. பிறகு, “உந்தக் கேள்வியளை ஆமிக்காரரிட்டயும் கேக்கிறவங்களோ?” என்றா.

“எல்லாரிட்டயும் கேக்கினம்.”

“அவங்களும் ‘இல்லை’ எண்டுதானே போடுவாங்கள்.”

அவ சொன்னது சரி. ஆனால் அவவுக்கு ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் சிக்கியது: பயங்கரவாத அமைப்புக்கு எப்போதாவது பணமோ உதவியோ கொடுத்தீர்களா? 1997இல் அமெரிக்கா புலிகளைப் பட்டியலிட்டது. கிளிநொச்சியில் கடை வைத்திருந்தவர், வன்னியில் வயல் செய்தவர், ஓமந்தையில் பாஸ் எடுக்க வரி கட்டியவர், யார் கொடுக்கவில்லை? துவக்கோடு வந்தவனுக்கு ஒரு நேரச் சோறு போட்டதும் ‘பொருள் உதவி’ என்று அமெரிக்க அகதி வழக்குகளில் எழுதப்பட்டதுண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர்களுக்கு விலக்களிக்கும் வழி பின்னால் வந்தது. கோப்பு வருடக்கணக்கில் கிடக்கும். அன்ரியின் கணவர் பரந்தனில் அரிசி ஆலை நடத்தியவர். நான் அந்தக் கேள்விக்கு என்ன குறித்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

மனித உரிமை மீறலுக்காக ஒருவருக்கு விசா மறுக்கப்படுவது உலகத்துக்குச் செய்தி. தமிழருக்கு விசா மறுக்கப்படுவதற்குக் காரணமே சொல்லத் தேவையில்லாத காலம் ஒன்று இருந்தது. இன்னும் முழுதாக முடியவில்லை. 2007 ஜூன் 7 அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். ‘சரியான காரணமின்றித் தங்கியிருந்தவர்கள்’ என்றது அரசாங்கம். அந்த லொட்ஜுகளில் பாதிப் பேர் காத்திருந்தது கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும். மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது.

இந்த அனுபவம் இருப்பதால் 7031(சி)யின் குடும்பப் பிரிவை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. தகப்பன் தளபதி என்பதற்காக மகளுக்குப் பல்கலைக்கழகம் இல்லை என்றால், அண்ணன் இயக்கத்தில் இருந்ததற்காகத் தம்பியைப் பூசா தடுப்பு முகாமில் வைத்ததை நான் எப்படிக் குறை சொல்வேன்? நண்பர்கள் கோபிப்பார்கள். குடும்பத்தைத் தொட்டால்தான் இங்கே உள்ளவர்களுக்கு உறைக்கும் என்பார்கள், அதுவும் பொய்யில்லை. கொழும்பின் பெரிய இடத்துப் பிள்ளைகள் மெல்பேர்னிலும் லொஸ் ஏஞ்சலிஸிலும் இருக்கிறார்கள். உறைக்கும் என்பது வேறு, சரி என்பது வேறு. விசாரணை இல்லாமல் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று சவேந்திர சில்வாவின் ஆதரவாளர்கள் சொல்வதையும் நான் முற்றாகத் தள்ளமாட்டேன். அப்படியானால் விசாரணை வையுங்கள் என்பதே அதற்கு என் பதில். அதைக் கேட்டால் அவர்கள் மௌனமாகிவிடுகிறார்கள்.

பட்டியல் போடுகிறவர்களின் யோக்கியதை பற்றியும் ஒரு வார்த்தை. சில்வாவின் பெயரை வாசித்த அதே பொம்பியோ, அதே வருடம் செப்ரெம்பரில், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் பத்தூ பென்சூடா மீது பொருளாதாரத் தடை அறிவித்தார். அவ செய்த குற்றம், ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினர் செய்ததையும் விசாரிக்க முயன்றது. 2002 குஜராத் கலவரத்தை முன்னிட்டு 2005இல் நரேந்திர மோடிக்கு அமெரிக்கா விசா மறுத்தது. 2014இல் அவர் பிரதமரானதும் வெள்ளை மாளிகையில் வரவேற்பு. சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி கொலைக்காக 2021 பெப்ரவரியில் 76 சவூதிக்காரர் மீது விசாக் கட்டுப்பாடு வந்தது, அந்தக் கொலைக்கு ஒப்புதல் கொடுத்தவர் என்று அமெரிக்க உளவுத்துறையே எழுதிய முடிக்குரிய இளவரசரைத் தவிர்த்து. ஆக, தடை விழுவது குற்றத்தின் அளவைப் பார்த்து அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர் எவ்வளவு தேவைப்படுகிறார் என்பதைப் பார்த்து. இலங்கைத் தளபதிகள் அவ்வளவு தேவைப்படாதவர்கள் என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் நியாயம் தற்செயலாகக் கிடைக்கிறது.

அப்படிக் கிடைத்ததையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய் ஒருவரை எனக்குத் தெரியும். கரன்னாகொடவின் பெயர் வந்த நாளிதழ்ப் பக்கத்தை அவ பொலித்தீனில் போட்டு, மகனுடைய பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு ஒரே கோப்பில் வைத்திருக்கிறா. இத்தனை வருடத்தில் ஒரு அரசாங்கம், எந்த அரசாங்கமாக இருந்தாலும், அந்தப் பெயரை அச்சில் போட்டது அதுதான் முதல் தடவை என்றா. அவவிடம் போய் இது நீதி இல்லை என்று விளக்கம் சொல்ல எனக்கு வாய் வராது. அவவுக்கே அது தெரியும். “வந்து சாட்சி சொல்லு எண்டு ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லையே தம்பி” என்று அவவே சொன்னா.

அதனால் நான் கேட்பது வேறொன்று. வொஷிங்டனில், ஒட்டாவாவில், லண்டனில் ‘நம்பகமான தகவல்’ இருக்கிறது. ஒரு ஜெனரலுக்குக் கதவைச் சாத்தப் போதுமான அளவு கனமான கோப்புகள். அந்தக் கோப்புகளில் சாட்சிகளின் வாக்குமூலம் இருக்கும், கட்டளைச் சங்கிலி இருக்கும், எங்கள் சி.ஐ.டி.யிடம் இல்லாத ஏதாவது இருக்கவும் கூடும். திருகோணமலை வழக்கு இன்னும் செத்துப்போகவில்லை. 2025 ஜூலையில் இன்னொரு வழக்கில், முன்னாள் கடற்படைத் தளபதி நிஷாந்த உலுகேதென்னவை, 2010இல் காணாமல் போன ஒருவர் தொடர்பாக, அதே சி.ஐ.டி. கைது செய்து நீதவான் முன் நிறுத்தியது. முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவரை இந்த நாட்டு விளக்கமறியலில் வைக்க முடியும் என்று அன்றைக்குப் பலருக்குத் தெரிந்தது. அதற்கு யாருடைய விசாவும் தேவைப்படவில்லை.

குற்றவியல் விடயங்களில் பரஸ்பர உதவிச் சட்டம் என்று 2002ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் எங்களிடம் இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள சான்றைக் கேட்டு எழுத அதில் வழி இருக்கிறது. பிரித்தானியத் தடை வந்ததும் அது ஒருதலைப்பட்சமானது என்று வெளிவிவகார அமைச்சு அறிக்கை விட்டது. சரி, ஒருதலைப்பட்சம்தான். மறுதலையாக நீங்கள் கேட்டு எழுதுங்களேன்: எந்தத் தகவலை நம்பித் தடை போட்டீர்கள், எங்கள் நீதிமன்றத்துக்குத் தாருங்கள் என்று. லண்டன் சாட்சிகளின் பாதுகாப்பைச் சொல்லித் தயங்கும். 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடாவிட்டாலும் எங்கள் சட்டப் புத்தகத்தில் மரணதண்டனை இன்னும் இருப்பதைக் காட்டியும் தயங்கும். இரண்டும் பேசித் தீர்க்கக்கூடியவை. கருணாவைப் பற்றி 2008இல் சேர்த்து, போதாது என்று மூடிய கோப்பு லண்டனில் எங்கேயோ ஒரு அலுமாரியில் இருக்க வேண்டும். பதினேழு வருடத்தில் அதில் என்ன புதிதாகச் சேர்ந்தது, தடைக்குப் போதுமான ஒன்று வழக்குக்கு ஏன் போதவில்லை என்று கேட்கிற உரிமை மட்டக்களப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு உண்டு. கொழும்பு கேட்டு எழுதட்டும். தர மறுத்தால், மறுத்தது யார் என்றாவது அந்தத் தாய்க்குத் தெரியவரும்.